மழையை நிறுத்திய நாத்தனார்

என் நாத்தனாரை வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். காதோரம் நரைத்துவிட்டது, கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்க முடியாது, ஆனாலும் பாப்பாதான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் வேலை அவளுக்கு. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் குரல் முதலில் இவள் காதில்தான் விழும். ஒருவர் அழுவார், ஒருவர் திட்டுவார், ஒருவர் கதவை உதைத்துக்கொண்டே பேசுவார். இவள் பதறவே மாட்டாள். "நான் லைன்லதான் இருக்கேன். நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன ஆச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களுக்குப் பேச்சுத்துணையும் இவள்தான்.

வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியைக் கம்ப்யூட்டர் கேம்களைப் பார்த்துக் கேட்பாள். இன்று வரும் கேம்கள் இல்லை. டப்பாவில் சி.டி. தட்டு வைத்து விற்றார்களே, அந்தக் காலத்துச் சரக்கு. அவற்றைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் சிலது திறந்த உடனே மூடிக்கொள்ளும். சிலதில் சத்தம் கரகரக்கும். சிலதில் ஆள் வாயை மூடிய பிறகுதான் பேச்சே கேட்கும். இப்படித் தவிக்கிறவர்கள் கூடும் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே இவளுக்குப் பெயர் 'ஒட்டடை'. வீட்டில் ஒட்டடை அடிக்கச் சொன்னால் மாயமாய் மறைகிறவள், அங்கே போய் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவள் இந்த வேலையில் எப்படி விழுந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொடுத்த இடம் சரியில்லை. ஒருநாள் மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தார். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள், மற்ற நேரமெல்லாம் அந்த அறையில் ஏதோ ஒரு பழைய கேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அது ஒரே இடத்தில் வந்து வந்து நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஒருநாள் பேன்ட் ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து பெரிய கூச்சல். "அண்ணி! ஓடிடுச்சு! ஓடிடுச்சு!"

கத்திரிக்கோலும் கையுமாக ஓடினேன். "யாருடி ஓடிட்டா? யாரோட?"

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தாள். கேம் ஓடிவிட்டதாம். அதற்கடுத்த வாரம்தான் லிஃப்ட் கம்பெனி வேலைக்கு மனு போட்டாள்.

அன்றிலிருந்து எத்தனையோ பேருக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது என்பாள். எல்லாம் முடிந்து கேம் நிற்காமல் போனால், குழுவில் 'ஓடுது' என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அதற்கு மேல் பேச்சில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் அவளுக்குக் குரலில் செய்தி அனுப்பினார். கைதி ஒருவன் சிறையிலிருந்து தப்பித்து, காவலர்கள் கண்ணில் படாமல் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டிய கேம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து, துறைமுகத்து இரும்புக் கேட்டைத் திறந்தாலே கேம் செத்துப்போகிறது, சத்தமும் சரியில்லை என்றார். இவள் சொன்ன வழியெல்லாம் செய்து பார்த்தும் சரியாகவில்லை. ஒரே ஊர்தான் என்று தெரிந்ததும், "பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சின்னத் தெருவுக்குள் ஒரு பள்ளிக்கூட பஸ் நுழைந்தது. பைக்குகளையெல்லாம் நகர்த்தச் சொல்லி, வேலியில் உரசாமல், அலுங்காமல் வந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இன்னொரு கையால் தன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இறக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். அவருக்குக் கண் தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல கேட்டுட்டுதான் எடுத்துட்டு வந்தேன். ஆட்டோன்னா குலுங்கும்" என்றாள் அந்த டிரைவரம்மா.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதி கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் தின்றுவிட்டது. இதையெல்லாம் டிரைவரம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விளையாடுவது அவள்தான் போலிருக்கிறது, அவர் கூட உட்கார்ந்து கேட்பார் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். பேச்சுக்குத் தையல் மெஷின் இடைஞ்சலாக இருக்குமே என்று நிறுத்தப்போனேன்.

"நிறுத்த வேணாம்மா. அது எங்க இருக்குன்னு கேட்டாத்தான் இந்த ரூம் எவ்வளவு பெருசுன்னு எனக்குப் புரியுது" என்றார் கிரேன்காரர்.

பாப்பா வேலையை ஆரம்பித்தாள். ஒன்றை மாற்றுவாள், கேட்டைத் திறப்பாள், கேம் சாகும். அதைப் பழையபடி வைத்துவிட்டு வேறொன்றை மாற்றுவாள். சாப்பாட்டு நேரத்துக்குள் பிடித்துவிட்டாள்.

"இந்தக் கம்ப்யூட்டர் சத்தத்தை ரொம்ப நுணுக்கமா எடுக்குது சார். அந்தக் காலத்து கேமுக்கு அவ்வளவு நுணுக்கம் தாங்காது. ரெண்டு படி கீழ இறக்கி வெச்சிருக்கேன். அப்புறம், இதுக்கு மூளை நிறைய. கேமுக்கு ஒரு மூளையோடதான் பேசத் தெரியும். ஒண்ணோட மட்டும் பேசுன்னு சொல்லிட்டேன்."

கேட்டைத் திறந்தாள். துறைமுகம் வந்தது. மழை கொட்டியது, அலை அடித்தது, ஒரு காவலன் பூட்ஸ் காலோடு நடந்தான். கரகரப்பே இல்லை.

"ஓடுது" என்றாள் பாப்பா.

"நான் ஒரு தடவை பாத்துடட்டுமா?" என்று கேட்டார் அவர். துண்டில் சுற்றி வைத்திருந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, விசைப்பலகையில் விரலை வைத்தார். நானும் பாப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவரம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவர்தான் வெளையாடுவார்" என்றாள்.

சிறைக்குள் மனிதர் பார்வை இருக்கிறவர் மாதிரியே போனார். சுவரோரம் ஒட்டினார், நின்றார், கேட்டார், நடந்தார். கேட்டைத் திறந்து துறைமுகத்துக்குள் கால் வைத்ததும் காவலனிடம் நேராகப் போய் மாட்டிக்கொண்டார். மறுபடி முயன்றார். மறுபடி மாட்டினார். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"அவன் எங்க இருக்கான்னு தெரியல."

"காலடிச் சத்தம் நல்லாத்தானே சார் வருது?" என்றாள் பாப்பா.

"வருது. ஆனா முன்னாடி இருந்து வருதா, பின்னாடி இருந்து வருதான்னு புரியல. பழைய கம்ப்யூட்டர்ல புரியும். இடது வலது மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

பாப்பாவின் முகம் சுண்டிப்போனது. "நிஜமாவா சார்? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு, யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்று இழுத்தாள்.

"அவங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கு. அவன் பின்னாடி இருந்தா திரும்பிப் பாத்துக்குவாங்க." குரலில் கோபமில்லை. கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "தப்பா நெனைக்காதம்மா. வீட்டுலயும் வெளியிலயும் யாராவது என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க. இதுக்குள்ள மட்டும்தான் நான் தனியா நடக்கறேன். அதான் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தோம்."

டிரைவரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பெட்டி இங்கேயே இருக்கட்டும் சார்" என்றாள் பாப்பா.

அந்த வாரம் அவளோடு பேசவே முடியவில்லை. காபி கொடுத்தால் எரிந்து விழுந்தாள், கொடுக்காவிட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒரு சாயந்தரம் என் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்து நடுவில் நாற்காலி போட்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். நான் டம்ளரும் ஸ்பூனுமாக அவளைச் சுற்றி வருகிறேன்.

"வீட்டுல என்ன நடக்குது?" என்றார்.

"பேசாதீங்க. நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க. பூனை மாதிரி நடக்கணும்" என்றேன்.

அவர் ஒரு காலத்திலும் பூனை மாதிரி நடந்ததில்லை. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். இருவரும் மாறி மாறித் தட்டினோம். "பின்னாடி. இது அண்ணி. முன்னாடி, கொஞ்சம் வலது. இது அண்ணன், மூச்சு வாங்குது" என்று பிசகாமல் சொன்னாள். பிறகு துண்டை அவிழ்க்காமலே தட்டுத்தடுமாறிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என்னையே கேமை ஓட்டச் சொன்னாள். காவலன் முன்னால் வரும்போதும் தெரியவில்லை என்றாள், பின்னால் வரும்போதும் தெரியவில்லை என்றாள். துண்டை அவிழ்த்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"அவர் சொன்னது சரிதான் அண்ணி. நான் எத்தனை பேருக்கு இதை ஓடுதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்! ஓடறது வேற, வெளையாட முடியறது வேற."

காரணத்தையும் கண்டுபிடித்தாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இதுதான். அந்தக் காலத்து கேம் முன்னே பின்னே என்ற கணக்கைத் தானே போடாது. 'சத்தம் இது, இடம் இது' என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்டு கார்டிடம் சொல்லிவிடும். அதுதான் கணக்குப் போட்டு இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுக்கும். பின்னால் வந்த கம்ப்யூட்டர்களில் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். கேம் பாவம், இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பாரில்லை. கேம் சொல்வதை வாங்கி, தானே கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஃபைலை யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதி இலவசமாக விட்டிருந்தார். அதை கேமின் பக்கத்தில் வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காவலன் பின்னாலிருந்து வந்தான். "வந்துட்டான் அண்ணி! முதுகுக்குப் பின்னாடி நிக்கறான்!" என்று துள்ளினாள். அந்தக் கணமே கேம் செத்துப்போனது.

சிறைக்குள் ஒரு தொல்லையும் இல்லை. துறைமுகத்தில்தான் படுத்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. துறைமுகத்தில் ஒரே சமயத்தில் எக்கச்சக்கமான சத்தம். மழைக்கே தகரக் கூரையில் ஒன்று, தரையில் ஒன்று, தண்ணீரில் ஒன்று என்று துளித் துளியாக வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் இடம் பார்த்துக் கணக்குப் போட முடியாமல் கேம் மூச்சுத்திணறி விழுந்தது. இத்தனைக்கு மேல் சத்தம் வேண்டாம் என்று வரம்பு வைத்தால் கேம் சாகாமல் ஓடியது. ஆனால் எந்தச் சத்தத்தை விடுவது என்று அதற்குத் தெரியவில்லை. பல சமயம் காலடியை விட்டுவிட்டு மழையைப் பெய்யவிட்டது.

பாப்பா போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். "சார், எல்லாச் சத்தமும் வெச்சுக்க முடியாது. எதை விடலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்தார். "விளக்குக் கம்பத்துல 'ங்'னு ஒரு சத்தம் வரும். அது வேணும். கம்பத்துகிட்ட போனா மாட்டிக்குவேன். சங்கிலி வேணும், கப்பல் அங்கதான் கட்டியிருக்கு."

"அலைச் சத்தம்? அதுவும் நிறைய இடத்தை அடைக்குது."

"ஐயோ, அதை எடுத்துடாதம்மா! கடல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தான் நான் எந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்னே எனக்குத் தெரியும்."

"மழை?"

அந்தப் பக்கம் சிரித்தார். "மழையை நிறுத்த முடியுமா உன்னால? அந்த மழையால நான் பட்ட பாடு இருக்கே! கண்ணு இருந்த காலத்துலயே எனக்கு அது பிடிக்காது."

மழையை நிறுத்துவது சுலபமாகத்தான் இருந்தது. மழைச் சத்தத்தின் ஃபைல்கள் இருந்த இடத்தில், அதே பெயரில், ஒன்றுமே ஒலிக்காத குட்டி ஃபைல்களை வைத்தாள். அப்படியும் ஒரு தகரக் கூரை மட்டும் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் ஃபைல் வேறெங்கோ ஒளிந்திருந்தது. அதைத் தேடிப் பிடித்து வாயடைத்த பிறகு துறைமுகம் நின்று நிதானமாக ஓடியது. இந்தத் தடவை குழுவில் ஒன்றும் போடவில்லை. "அவர் வந்து சொல்லட்டும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி பஸ். தெருவில் முன்னெச்சரிக்கையாகப் பைக்குகளை நகர்த்தி வைத்திருந்தார்கள். கிரேன்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால். வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குப் படம் மட்டும்தான், அவருக்குச் சத்தம் மட்டும்தான்.

கேட்டைத் திறந்தார். திரையில் மழை கொட்டுகிறது, அவருக்கு மட்டும் வானம் வெறித்திருக்கிறது. நின்றார். தலையை லேசாகச் சாய்த்தார். மூட்டைகளுக்கு நடுவே நடந்தார். விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் ஒரு மூலையிலிருந்து காவலன் திரும்பி வருவது எங்களுக்குத் தெரிந்தது.

"பின்னாடி! பின்னாடி!" என்று என் வீட்டுக்காரர் கத்திவிட்டார்.

"சும்மா இருங்கண்ணே. அவருக்குத் தெரியும்" என்றாள் டிரைவரம்மா. சொல்லிவிட்டு என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் பயமில்லையா என்ன.

அவர் காவலன் வருவதைக் கேட்டு, ஒரு படகுக்குப் பின்னால் ஒதுங்கினார். பூட்ஸ் கால் அவரைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவரும் மூச்சு விடவில்லை, நாங்களும் விடவில்லை. போனதும், எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தார். நேராக, தயங்காமல், சங்கிலிச் சத்தத்தை நோக்கி. கப்பலின் ஏணியில் கால் வைத்தார்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பாப்பா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளுடைய மூச்சிலேயே கண்டுபிடித்தாரோ என்னவோ, சரியாக அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப ஓடுது தங்கச்சி" என்றார்.

பாப்பா சமையலறைக்குப் போனாள். காபி போடப் போகிறாள் போல என்று பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

அந்தக் கேமைச் சரிசெய்யும் விதத்தை அவள் குழுவில் விவரமாக எழுதினாள். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ எழுத ஆரம்பித்தார்கள். பார்வை இல்லாதவர்கள் இத்தனை பேர் அந்தப் பழைய கேம்களைக் காதாலேயே விளையாடிக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் புதுச் செய்தி. அவள் இப்போது தனியாக எதையும் 'ஓடுது' என்று சொல்வதில்லை. முதலில் கிரேன்காரருக்கு அனுப்புவாள். அவர் கேட்டுப் பார்த்து, சரி என்றால்தான் சரி. அவரும் குழுவில் சேர்ந்துவிட்டார். 'காது' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். குறை சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். இவள் ஒரு வாரம் பாடுபட்டதை, "கதவு சாத்தற சத்தம் தலைக்கு மேல கேக்குது" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் ஓங்கித்தான் வைக்கப்படும்.

கோல் பிடித்து நடக்கும் பயிற்சிக்குப் போகவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர், இப்போது வாரத்தில் சில நாள் போகிறாராம். அதற்கும் கேமுக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிக்கிறார் என்று டிரைவரம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். அவரைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போக வேண்டியதில்லாததால், ஞாயிற்றுக்கிழமை தனக்குக் கொஞ்சம் தூங்க முடிகிறது என்றாள்.

நேற்று சாயந்தரம் பாப்பாவுக்கும் கிரேன்காரருக்கும் போனில் பெரிய வாக்குவாதம். ஏதோ பழைய கார் பந்தயம். மூன்றாவது வளைவில் இன்ஜின் சத்தம் நின்றுபோகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்கிறாள் இவள். இல்லை, பக்கத்துக் காரின் சத்தம் அதை விழுங்குகிறது, நன்றாகக் கேள் என்கிறார் அவர். தோசை ஆறுகிறது என்று நான் சத்தம் போட்டேன்.

"இரு அண்ணி, வளைவுக்குக் கிட்ட வந்துட்டேன்" என்றாள் பாப்பா. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.